ஞாயிற்றுக்கிழமைத் தலைவலி

காரைக்காலில் நான் வேலை பார்த்த மருத்துவமனையில் என் அறைக்கு முறையான பெயர்ப் பலகை உண்டு. அதை யாரும் படித்ததாக எனக்கு நினைவில்லை. ‘கரண்டு வைக்கிற ரூம் எங்கே?’ என்று கேட்டால்தான் வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆயா கையை நீட்டுவார். எக்ஸ்ரே அறையைத் தாண்டி, ஒற்றை ஜன்னலோடு ஒரு சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு ஸ்டூல், ஒரு சிவப்பு விளக்கு, தசைக்குச் சூடு கொடுக்கும் பீரோ உயர மெஷின் ஒன்று, கழுத்தை இழுப்பதற்குக் கப்பியும் கயிறும். எண்பதுகளில் சென்னையில் பிசியோதெரபி படித்து முடித்து, தருமபுரத்தில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் அங்கே வேலைக்குப் போகத் தொடங்கினேன். எனக்கு இருபத்தாறு வயது. தயக்கம் என்பது எனக்குப் பழக்கமில்லாத சரக்கு.

அதற்குக் காரணம் என் கட்டைவிரல்கள். அந்த அறையில் இருந்த மெஷின்களையெல்லாம் ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தாலும் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். கழுத்து மூட்டுகளைக் கையால் மெல்ல அசைத்து இளக்கும் முறை அப்போதுதான் நம் ஊர்ப் பக்கம் வரத் தொடங்கியிருந்தது. நான் அதைப் படிக்கிற காலத்திலேயே விடாப்பிடியாகக் கற்றுக்கொண்டு வந்திருந்தேன்.

மண்டையோட்டுக்கு அடியில் இருக்கும் முதல் மூன்று மூட்டுகள் மிகவும் பொல்லாதவை. அவற்றில் ஒன்று இறுகிப் போனால் வலி கழுத்தோடு நிற்காது. பின்மண்டையில் ஏறி, காதுக்கு மேலாகச் சுற்றிக்கொண்டு, கண்ணுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துவிடும். கழுத்திலிருந்து போகும் நரம்பும் நெற்றியிலிருந்து போகும் நரம்பும் உள்ளே ஒரே இடத்தில் சேருகின்றன. இரண்டு வீட்டுக்கு ஒரே தபால் பெட்டி வைத்தால் கடிதம் மாறிப் போகும் இல்லையா, அப்படித்தான் இதுவும். கழுத்து எழுதிய புகாரை மூளை நெற்றியின் பெயரில் வாங்கிக்கொள்ளும். அதனால் நோயாளி நெற்றியில் தைலம் தேய்ப்பார். கண்ணாடியை மாற்றுவார். நல்ல பல்லைப் பிடுங்கிக்கொள்வார். ‘தலையிலே நீர் கோத்திருக்கு’ என்று போர்வைக்குள் புகுந்து ஆவி பிடிப்பார். கழுத்தை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை.

நான் விசாரிப்பேன். குப்புறப் படுக்க வைத்து, நெற்றியை அவர்கள் உள்ளங்கைமேல் வைக்கச் சொல்லி, இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்து ஒவ்வொரு மூட்டாக மெல்ல அழுத்திக்கொண்டு வருவேன். சரியான மூட்டில் விரல் பட்டதும், கழுத்தில் அழுத்த, கண்ணுக்குப் பின்னால் அந்த வலி எழும். “இதுதாங்க! இதேதான்!” என்று கட்டிலுக்குள்ளிருந்து குரல் வரும். வருஷக்கணக்காக ஊரெல்லாம் தேடிய திருடனை விரல் நுனியில் பிடித்துக் கொடுத்த பெருமை எனக்கு. அந்தப் பெருமையை நான் ஒருநாளும் மறைத்ததில்லை.

அதற்குப் பிறகு வேலை சுலபம். அதே மூட்டில், அதே விரல்களால், வலி எழாத அளவுக்கு, தொட்டில் ஆட்டும் வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக, ஒரு நிமிஷம் அசைப்பு. ஓய்வு. மறுபடி ஒரு நிமிஷம். பிறகு மல்லாக்கப் படுக்க வைத்து, தலையை என் கைகளில் ஏந்தி, பின்மண்டையின் விளிம்பில் விரல் நுனிகளை வைத்துக்கொண்டு சும்மா இருப்பேன். இறுகிய தசை தானாக விரலின்மேல் உருகி இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஒரே ஒரு குறை. சத்தம் வராது. எங்கள் ஊர் ஆண்களுக்குச் சலூனில் முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு வெட்டி நெட்டி எடுத்துவிடும் பழக்கம் உண்டு. ‘கடக்’ என்று சத்தம் கேட்டால்தான் கழுத்து சரியானதாகக் கணக்கு. என்னிடம் வருகிறவர்கள் எழுந்து உட்கார்ந்து, “முடிஞ்சிடிச்சாங்க? சத்தமே வரலையே?” என்று ஏமாற்றமாகக் கேட்பார்கள். “சத்தம் வேணும்னா தீபாவளிக்கு வாங்க” என்பேன்.

திருநள்ளாற்றிலிருந்து வந்த ஓர் அம்மாள் மட்டும் சத்தத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. முதல் நாள் வந்தபோது அவர் கேட்டது வேறு. “டாக்டரம்மா, இது தீருமா தீராதா, அதை மட்டும் சொல்லிடுங்க. எனக்குப் பெயர்ச்சி வரைக்கும்தான் டயம்.”

“நான் டாக்டர் இல்லக்கா. மொதல்ல உக்காருங்க” என்றேன். நான் டாக்டர் இல்லை என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் சொல்வேன். யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அவருக்கு முப்பத்தாறு, முப்பத்தேழு வயது இருக்கும். கணவர் இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. கோயில் வாசலுக்கு நேர் எதிரே மாமனார் காலத்துக் கடை. எள்ளுப் பொட்டலம், அகல், நல்லெண்ணெய், கருப்புத் துணி. வாரம் முழுக்க ஈயோட்டும் கடை, சனிக்கிழமை மட்டும் விடியலிலிருந்து இரவு வரை திமிலோகப்படும். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளோடு அவர் யார் கையையும் எதிர்பார்க்காமல் வாழ்ந்தது அந்தக் கடையால்தான். சனிக்கிழமை சாயங்காலம் வலது பின்மண்டையில் வலி தொடங்கும். ஞாயிற்றுக்கிழமை வலது கண்ணைத் திறக்க முடியாது. வாந்தி வரும். செவ்வாய் புதன் வரை இருக்கும். பிறகு விட்டுவிடும். அடுத்த சனிக்கிழமை மறுபடி.

எது சனிக்கிழமை வந்து பிடிக்கும் என்று திருநள்ளாற்றில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்வார்கள். ‘ஊரார் தோஷத்துக்கெல்லாம் பொருள் விக்கிறவ, அது அவமேலயே ஏறிடிச்சு’ என்று புகுந்த வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். மூன்றரை மாதத்தில் சனிப்பெயர்ச்சி. இரண்டரை வருஷத்துக்கு ஒருமுறை வரும் அந்த நாளில் கூட்டம் தெருக்கொள்ளாது. கடையில் ஓர் ஆள் இரவும் பகலும் உட்கார்ந்தாக வேண்டும். அதற்குள் தலைவலி தீராவிட்டால் கடைச் சாவியைக் கொழுந்தனிடம் கொடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் கூடிப் பேசி வைத்திருந்தார்கள். இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். சிரிக்கும்போதுகூட அவரது வலது கை தானாகப் போய்ப் பின்மண்டையைப் பிடித்துக்கொண்டது. வலி இல்லாத நாளிலும் அந்தக் கை அங்கேதான் போகும் என்பதைப் பின்னால் கவனித்தேன்.

படுக்க வைத்தேன். தாடையை நெஞ்சில் பதித்துக்கொண்டு கழுத்தைத் திருப்பிப் பார்த்ததில் இடது பக்கம் தாராளமாகப் போயிற்று. வலது பக்கம் பாதியில் முட்டி நின்றது. வலது பக்கம் மேலிருந்து இரண்டாவது மூட்டில் விரல் வைத்தேன்.

“ஐயோ, இதேதான்!” என்றார். “கண்ணுக்குள்ள வருதுங்க. எப்புடிங்க கண்டுபிடிச்சீங்க?”

“சனி இல்லக்கா, கழுத்து. ஆறு வாரத்துல தீத்துடுறேன்” என்றேன். யாரும் கேட்காமலே கெடுவும் வைத்தேன்.

அன்று எழுந்து உட்கார்ந்தவர், வலது கண்ணை மூடி மூடித் திறந்து பார்த்தார். ஆவி பிடித்ததிலும் கண்ணாடி மாற்றியதிலும் கிடைக்காத நிம்மதி முகத்தில் தெரிந்தது. எனக்குச் சைக்கிள் அன்று தரையிலேயே ஓடவில்லை.

திங்கள், புதன், வெள்ளி என்று வந்தார். வெள்ளிக்கிழமை கழுத்து வெண்ணெயாக இருக்கும். நான் திருப்பினால் இரண்டு பக்கமும் ஒரே அளவு திரும்பும். திங்கட்கிழமை வரும்போது வலது கண் சிவந்து, முதல் நாள் எப்படி வந்தாரோ அப்படியே வந்து நிற்பார். மறுபடி அதே மூட்டு. மறுபடி அதே இறுக்கம். இரண்டு வாரம் பொறுத்தேன். மூன்றாவது வாரம் தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது என்றேன். நாலாவது வாரம் தலையணையைப் பிடுங்கினேன். ஐந்தாவது வாரம் கழுத்துக்குப் பட்டை போட்டேன். அதோடு தாடையை உள்ளிழுக்கும் பயிற்சி வேறு. “கருவாட்டுக் கூடை மூக்குக்கிட்ட வந்தா முகத்தை எப்புடிப் பின்னால இழுப்பீங்க, அப்புடி இழுங்க” என்று சொல்லிக்கொடுத்தேன். அவர் சைவம். இருந்தாலும் பிரமாதமாகச் செய்தார்.

எல்லாவற்றையும் செய்தார், தலைவலியும் வந்தது. ஆறாவது வாரம் எனக்குக் கோபம் வந்துவிட்டது. “சனிக்கிழமை நீங்க என்னமோ செய்யிறீங்க, என்கிட்ட மறைக்கிறீங்க. இல்லைன்னா இப்புடி ஆகாது” என்று கடிந்து பேசினேன்.

“கடையில உக்காந்திருக்கேங்க. வேற ஒண்ணும் செய்யலீங்க” என்றார்.

உட்கார்ந்திருப்பது ஒரு வேலையா என்று நினைத்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. கட்டிலில் சாய்ந்து கிடக்கும் ஒரு கழுத்தின் சரித்திரத்தையே வாசிக்கத் தெரிந்த எனக்கு, அந்தக் கழுத்து நிமிர்ந்து உட்காரும் இடத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அவர் வரவில்லை. புதன் வரவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை வாசலில் வந்து நின்றார். கண் தெளிவாக இருந்தது. கழுத்தில் பட்டை இல்லை.

“சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேங்க. மூணு வாரமா வலியே இல்ல. சனிக்கிழமைக்குக் கொழுந்தன் தம்பியை உக்கார வெச்சிட்டேன். பாத்தீங்களா? கடையை விட்டதும் சனி விட்டுட்டாரு.”

“என் கை வைத்தியம் இப்பத்தான் வேலை செய்யுது” என்று வீம்பாகச் சொன்னேன்.

“உங்க கையும் நல்ல கைதாங்க” என்றார். “பெயர்ச்சிக்குச் சாவியையும் குடுத்துடலாம்னு இருக்கேன். தம்பி லாட்ஜ் வேலையை விட்டுட்டு வந்துருவாரு. பாப்பாவைப் பத்தாவதோட நிறுத்திட வேண்டியதுதான். எனக்கு விதிச்சது அவ்வளவுதான்.” வலியே இல்லை என்று சொன்ன அந்த முகத்தைப் போல் ஒரு வாடிய முகத்தை நான் பார்த்ததில்லை. போகும்போது கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டுப் போனார். எனக்கு அழுகை வந்தது. தோற்றதால் வந்த அழுகை அது. அவருக்காகவும் கொஞ்சம் அழுதேன் என்று நம்ப விரும்புகிறேன்.

அதற்கடுத்த திங்கட்கிழமை அந்தக் கொழுந்தன் வந்தார்.

யாரென்று எனக்கு முதலில் தெரியாது. முப்பது வயது மதிக்கத்தக்க ஆள், மீசை, மடிப்புக் கலையாத சட்டை. ஸ்டூலில் உட்கார்ந்து வலது பின்மண்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, “டாக்டரம்மா, எங்க அண்ணியைப் புடிச்சது இப்ப என்னையப் புடிச்சுக்கிச்சுங்க” என்றார்.

“யாரு உங்க அண்ணி?”

“திருநள்ளாத்துக் கடை. ஆறு வாரம் உங்ககிட்ட வந்தாங்களே. நான் நாலு சனிக்கிழமைதாங்க உக்காந்தேன். சலூன்ல ரெண்டு தரம் நெட்டி எடுத்தும் பாத்துட்டேன். நல்லாத்தான் சத்தம் வந்துச்சு. அப்பறம் வலி ரெண்டு பங்காயிடிச்சு.”

படுக்க வைத்தேன். வலது பக்கம், மேலிருந்து இரண்டாவது மூட்டு. விரலை வைத்ததும் துள்ளினார். “இதேதாங்க!”

கட்டைவிரலை அவர் கழுத்திலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். அண்ணியும் கொழுந்தனும் ஒரு ரத்தம் இல்லை. ஒருவர் குடம் தூக்கியவர், இன்னொருவர் தூக்காதவர். ஒருவருக்குத் தலையணை கிடையாது, மற்றவருக்கு இரண்டு. அப்படி இருந்தும் ஒரே மூட்டு, ஒரே பக்கம், ஒரே கிழமை. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது அந்தக் கடையில் உட்காரும் இடம் ஒன்றுதான். என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அவர் கழுத்தில் கை இருந்ததால் முடியவில்லை.

“சனிக்கிழமை காலையில நான் அங்க வர்றேன். அண்ணியைக் கடையில உக்காந்திருக்கச் சொல்லுங்க” என்றேன். “இனிமே சலூன்ல கழுத்தைக் குடுத்தீங்கன்னா இந்தப் பக்கமே வராதீங்க. அது முறுக்குப் புழிய வேண்டிய எடமில்ல.”

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அம்மா திடுக்கிட்டுப் போனார். “சனிக்கெழமை திருநள்ளாத்துக்கா? ஃபாதர் கேட்டா நான் என்னடி சொல்றது?”

“கழுத்து பாக்கப் போயிருக்கான்னு சொல்லுங்க.”

பஸ்ஸில் இருபது நிமிஷம்கூட ஆகாது. அவ்வளவு பக்கத்தில் இருந்தும் சனிக்கிழமை நான் அங்கே போனதில்லை. பஸ் நிறைய நல்லெண்ணெய் வாசனை. குளத்தில் முங்கி எழுந்து ஈரத்தலையோடு வந்தவர்கள் சந்து வழியாகக் கோயில் வாசலுக்குக் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். கடை, கோபுரத்துக்கு நேர் எதிரே இருந்தது. நான் எதிர்ப்பக்கம், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நிழலில் நின்றுகொண்டேன்.

ஐந்து நிமிஷம் போதுமானதாக இருந்தது. இரண்டு மணி நேரம் நின்றேன், என் முட்டாள்தனத்தை முழுதாகப் பார்த்துவிட வேண்டும் என்பதற்காக.

கடையின் வாசல் கோயிலைப் பார்த்து இருந்தது. வாங்குகிறவர்கள் எல்லாரும் வாசல் பக்கம்தான் நின்றார்கள். ஆனால் அந்த அம்மாள் வாசலைப் பார்த்து உட்காரவில்லை. உள்ளே போட்டிருந்த பலகை வாசலுக்குக் குறுக்காக இருந்தது. அவர் உடம்பு இடது பக்கத்து மூங்கில் தட்டியைப் பார்த்து இருந்தது. முகம் மட்டும் வலது பக்கம், வாசலில் நிற்கும் ஜனங்களைப் பார்த்துத் திரும்பி இருந்தது. பேசும்போது திரும்பி இருந்தது, சில்லறை கொடுக்கும்போது திரும்பி இருந்தது, ஆள் இல்லாத நேரத்தில் யாராவது அகலை எடுத்துக்கொண்டு நழுவிவிடுவார்களோ என்று அப்போதும் திரும்பியே இருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் அவர் தலை நடுவுக்கு வந்து நான் பார்க்கவில்லை. இதை விடிந்ததிலிருந்து இரவு வரை செய்கிற கழுத்தைத்தான் நான் ஆறு வாரம் தலையணை மாற்றிக் குணப்படுத்தப் பார்த்திருக்கிறேன்.

கூட்டம் சற்று ஓய்ந்ததும் கடைக்குள் போனேன். “ஏங்க்கா, பலகையைத் திருப்பிப் போட்டு நேரா உக்காந்தா என்ன?”

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். “நேருக்கு நேரா உக்காரலாமாங்க? அவரு பார்வை நேரா விழப்படாதுன்னுதான் எல்லாரும் சந்நிதியிலயே ஒதுங்கி நின்னு கும்புடுறாங்க. நாங்க நாளு பூரா எதுக்க உக்காந்திருக்கறவங்க. எங்க மாமனார் போட்ட பலகைங்க இது.”

“சாமி உள்ளல்ல இருக்காரு? நடுவுல எத்தனை சுவரு இருக்கு! சுவரைத் தாண்டியா பாப்பாரு?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் முகம் மாறிவிட்டது. கோபப்படவில்லை, குரலும் உயரவில்லை. “உங்க கோயிலுக்கு வந்து நான் இப்புடிக் கேட்டா நீங்க சும்மா இருப்பீங்களா?”

எங்கள் வீட்டில் மாதா சுரூபம் இருக்கும் சுவருக்கு நேராகக் கால் நீட்டி யாரையும் படுக்கவிட மாட்டார் என் அம்மா. காய்ச்சலில் கிடந்தபோதுகூட என்னைக் கட்டிலோடு திருப்பிப் போட்டவர் அவர். நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது அடிக்கடி நடப்பதில்லை.

“தப்புதான்க்கா. மன்னிச்சிக்குங்க” என்றேன். “ஆனா உங்களைப் புடிச்சிருக்கறது இந்தப் பலகைதான். தம்பிக்கும் இதேதான். அவரு நாலு வாரம் உக்காந்ததுக்கே அங்கதான் வலி. நாளைக்கு யாரு உக்காந்தாலும் அங்கதான் வலிக்கும்.”

பக்கத்தில் நின்ற கொழுந்தன் தன் பின்மண்டையைத் தடவிக்கொண்டார். பலகையை எதிர்த் திசையில் திருப்பிப் போட்டால் வலி இடது பக்கம் வரும், அவ்வளவுதான் வித்தியாசம். முதுகைக் காட்டி உட்காருவது பேச்சுக்கே இடமில்லை. சுழலும் நாற்காலி என்று நான் சொன்னதை இரண்டு பேரும் காதில் வாங்கவே இல்லை. எனக்குத் தெரிந்த வைத்தியம் அத்தோடு தீர்ந்தது.

அந்த அம்மாள் தனக்கு நேரே இருந்த மூங்கில் தட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு அந்தப் பக்கம் குளத்திலிருந்து வரும் சந்து. ஜனங்கள் நடக்கிற சத்தம் தட்டி வழியாகக் கேட்டது.

“நான் திரும்ப முடியாது” என்றார் மெதுவாக. “கடையைத் திருப்பிடலாமே? இத்தினி வருஷமா இந்தத் தட்டியத்தானே மொறைச்சிப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். இதை எடுத்துட்டா எனக்கு நேரா ஆளு நிக்கும்ல?”

“வாசலை அடைச்சா வர்றவங்க போயிட மாட்டாங்களா அண்ணி?” என்றார் கொழுந்தன்.

“குளிச்சிட்டு எல்லாரும் இந்தச் சந்து வழியாத்தான் தம்பி வர்றாங்க. வாசலுக்குச் சுத்திக்கிட்டு வரதுக்குள்ள நாலு கடை தாண்டுறாங்க. இங்கனயே நின்னு கையில குடுத்துட்டா?”

நான் படித்த படிப்பில் இந்தப் பாடம் இல்லை. மறுநாளே தட்டி இறங்கியது. முன்வாசலுக்குக் குறுக்கே அலமாரியை வைத்து அதில் அகல்களை அடுக்கிவிட்டார்கள். பலகை மாமனார் போட்ட இடத்திலேயே, போட்ட திசையிலேயே இருந்தது. கோபுரம் அவருக்கு வலது பக்கம். சாமி பார்வை நேராக விழாது. ஜனங்கள் நேர் எதிரே.

பெயர்ச்சிக்கு மூன்று வாரம்தான் மிச்சம். அந்த மூன்று வாரமும் அவர் தவறாமல் வந்தார். பலகை, வலியைக் கொண்டுவருவதை நிறுத்தியது. பல வருஷமாக இறுகிக் கிடந்ததை இளக்க என் விரல்தான் வேண்டியிருந்தது. இந்த இரண்டில் எதன் பெருமையையும் நான் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. முதல் சனிக்கிழமை லேசாக வலித்தது. இரண்டாவதில் கழுத்து கனத்தது, அவ்வளவே. கொழுந்தனையும் நாலு தடவையில் சரிசெய்து அனுப்பினேன். கடைச் சாவி அதற்குள் அவர் கைக்குப் போயிருந்தது. அவரிடம் நேராகவே சொன்னேன். “பெயர்ச்சி அன்னிக்கு அண்ணிதான் உக்காரணும். மறுநாள் அவங்களுக்குத் தலை வலிச்சா சாவியை நீங்களே வெச்சிக்குங்க. நான் வாயைத் தொறக்க மாட்டேன்.” சொன்ன பிறகுதான், இன்னொருவர் கடையை வைத்துப் பந்தயம் கட்டியிருக்கிறோம் என்று உறைத்தது.

பெயர்ச்சி அன்று காரைக்கால் வரைக்கும் பஸ்கள் வரிசைகட்டி நின்றன. நான் மருத்துவமனையில் இருந்தேன். யார் கழுத்தில் கை வைத்தாலும் அந்தக் கழுத்துதான் நினைவுக்கு வந்தது. அப்படியொரு கூட்டத்தில், இரவு பகல் முழுக்க. ஒரே ஒரு முறை பழக்கதோஷத்தில் பழைய வாசலைப் பார்த்துத் திரும்பியே உட்கார்ந்துவிட்டால்? மறுநாள் தகவல் இல்லை. ‘வலி வந்துவிட்டது, அதனால்தான் வரவில்லை’ என்று நானே முடிவுகட்டிக்கொண்டு, சாயங்காலம் வீட்டில் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அம்மா எனக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அதற்கும் மறுநாள் காலை அறையைத் திறந்தபோது அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வந்து, வழக்கம்போல் குப்புறப் படுத்து, நெற்றியை உள்ளங்கைமேல் வைத்துக்கொண்டார். எனக்குக் கேட்கப் பயமாக இருந்தது. கேட்காமல் விரலை வைத்தேன். வலது பக்கம், மேலிருந்து இரண்டாவது. அழுத்தினேன். இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

“என்னக்கா தெரியுது?”

“உங்க வெரலுதாங்க தெரியுது” என்றார்.

எழுந்து உட்கார்ந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தார். சாவி. “காலையில தம்பியே குடுத்துட்டாரு. நீங்களே வெச்சுக்குங்க அண்ணி, எனக்கு லாட்ஜே போதும்னுட்டாரு. பாப்பா படிக்கட்டும்னாரு.” சாவியை வலது கையில் வைத்துக்கொண்டே பேசினார். “பாவங்க, இத்தினி வருஷமா சனி பகவான் தலையில பழியைப் போட்டுக்கிட்டிருந்தேன். வர்ற சனிக்கெழமை மன்னிப்புக் கேட்டு அவருக்கு ஒரு வெளக்கு ஏத்தணும்.”

“என் பேருக்கு ஒண்ணும் கெடையாதா?”

“ஏத்தலாம். ஆனா உங்களைக் கூட்டிட்டுப் போனா நீங்க நேரா நின்னுல்ல கும்புடுவீங்க? அதான் பயமா இருக்கு.”

சொல்லிவிட்டுத் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். நான் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கை சாவியோடு மடியிலேயே இருந்தது. தலைக்குப் போகவில்லை.